கோயில் உழவாரப் பணி: அரசங்கன்று, எண்ணெய்ப் பிசுக்கு, கல்வெட்டு – எதைத் தொடலாம்?

மண்வெட்டி (கேள்வி):
கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துச் சோழர் காலச் சிவன் கோயிலில் 25 பேர் ஒரு ஞாயிறு உழவாரப் பணி (கோயிலைத் தொண்டாகச் சுத்தம் செய்வது) செய்யத் திட்டம். திருச்சுற்று (பிரகாரம்) முழுக்க நாயுருவி, நெருஞ்சிக் களைகள். கருவறைக்கு மேலுள்ள செங்கல் விமானத்தில் அரசங்கன்றுகள் வேர்விட்டிருக்கின்றன. கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபச் சுவரில் எண்ணெய் அடை, அதற்கடியில் எழுத்து தெரிகிறது. ஆசிட், பிரஷர் வாஷர் பயன்படுத்தலாமா? யாரிடம் அனுமதி வாங்குவது?

கொள்ளிடக்கரை:
கோயில் யார் வசம் என்று முதலில் பாருங்கள். வாசலில் மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருந்தால் அந்தத் துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. 1958 சட்டப்படி (2010இல் திருத்தியது) சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்குக் கடிதம்: தேதி, ஆள் எண்ணிக்கை, என்ன வேலை, எந்தப் பகுதியில். 'தூய்மைப் பணி' என்று பொதுவாக எழுதாதீர்கள், பிறகு தகராறு வரும். அர்ச்சகரிடம் பூஜை நேரமும், மெய்க்காவலரிடம் (கோயில் காவலாளி) பாம்பு, கதண்டுக் (பெரிய குளவி) கூடு எங்கே என்பதும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லும்சுதையும்:
ஆசிட் கூடவே கூடாது. கருங்கல்லில் உள்ள இரும்பைக் கிளப்பிப் பழுப்புக் கறை ஏற்றும், கல் இடுக்கில் உள்ள சுண்ணாம்பையும் அரிக்கும். பிரஷர் வாஷர் இணைப்புகளுக்குள் தண்ணீரைச் செலுத்தும், சுதை (சுண்ணாம்புச் சாந்து) வேலைப்பாடு பெயர்ந்து விழும். எழுத்து இல்லாத இடத்தில் மட்டும் எண்ணெய் அடையை மூங்கில் சில்லால் மெல்லச் சுரண்டி, வெந்நீரும் மெத்தென்ற நைலான் பிரஷும் வைத்துத் துடைக்கலாம். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்.

எழுத்து இருக்கும் இடத்தில் சாக்பீஸ், மைதா, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். வெளிச்சம் குறைந்த நேரத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்பினால் போதும்.

வேரறி:
அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேர் செங்கல் இடுக்கில் ஆப்பு மாதிரி இறங்கியிருக்கும், இழுத்தால் செங்கலும் சேர்ந்து வரும். மேலே வெட்டிவிட்டு வந்தாலும் பயனில்லை, நாலு துளிர் வரும், வேர் இன்னும் தடிக்கும். முறையான வழி இது: நாலு விரல் அடிக்கட்டை விட்டு வெட்டி, சரிவாகத் துளையிட்டு, வெட்டு ஈரமாக இருக்கும்போதே களைக்கொல்லி விட்டு, களிமண்ணால் மூட வேண்டும். வேர் பட்டுச் சுருங்கியபின் எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சிமென்ட் வேண்டாம், பழைய செங்கலைவிட இறுகி ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சாரம் கட்டிப் பழகிய ஆள் செய்யும் வேலை இது. நீங்கள் எத்தனை கன்று, எந்தத் தளம் என்று படத்தோடு குறித்துக் கொடுங்கள். மேலே ஏறாதீர்கள்.

பிரகாரம்:
உங்களுடைய பெரிய வேலை கீழேதான் இருக்கிறது: தண்ணீர் வெளியேறும் வழி. கோமுகை (கருவறை அபிஷேக நீர் வெளியே வரும் தூம்பு), திருச்சுற்று வடிகால், மதில் அடியில் உள்ள தண்ணீர்த் துவாரம் மூன்றும் மண்ணால் அடைந்திருக்கும். நீர் தேங்கினால் அடித்தளம் இறங்கும், மேலே கல் விலகும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

25 பேருக்கு 6 மண்வெட்டி, 8 களைக்கொத்து, 8 பன்னரிவாள், 6 பாண்டு (மண் அள்ளும் சட்டி), எல்லாருக்கும் கையுறை, மூடிய செருப்பு. கடப்பாரை வேண்டாம். சுவரோரம் புல் வேர் ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள். அப்பர் ஏந்தியதும் புல் செதுக்கும் உழவாரம்தானே. வெட்டிய புல்லை மதிலோரம் எரிக்காதீர்கள், சூட்டில் கருங்கல் பொரிந்து செதில் செதிலாக உதிரும்.

சிலைத் துண்டோ காசோ தென்பட்டால் எடுக்காமல் அப்படியே விட்டு அலுவலரைக் கூப்பிடுங்கள். 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கதண்டுக் கூடு இருந்தால் நீங்கள் கலைக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்கு 101. பாம்பு கடித்தால் கயிறு கட்டாமல், கீறாமல், 108.

மண்வெட்டி:
ஆசிட், வாஷர் இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று. விளக்கு, ஐம்பொன் திருமேனி?

கல்லும்சுதையும்:
பித்தளை விளக்கைப் புளியும் சலித்த சாம்பலும் போட்டுத் தேய்க்கலாம். ஐம்பொன்னைத் தொடாதீர்கள், புளியின் அமிலம் அதன் மேல்படிவை (காலப்போக்கில் உலோகத்தின் மேல் படியும் மெல்லிய அடுக்கு) அரித்துவிடும்.