மாடி ஒழுகுது, பாத்ரூம் கசியுது, கையில் 1.2 லட்சம்தான். எதை முதலில் செய்வது?

கேள்வி
திருச்சி பக்கம், 2004-ல் கட்டின வீடு. தளம் 900 சதுர அடி, மேலே தட்டோடு. மழை வந்தா ஹால் ஓரத்துல சீலிங் ஊறுது. பாத்ரூமை (7-க்கு 5 அடி) ஒட்டின பெட்ரூம் சுவரில் உப்பு பூத்து பெயின்ட் உதிருது. கான்ட்ராக்டர் மாடிக்கு 1.1, பாத்ரூமுக்கு 1.4, உள்ளும் வெளியும் பெயின்டிங் 1.75, ஆக 4.25 லட்சம்னு சொல்றார். மாசம் 7,000-க்கு மேல தவணை கட்ட முடியாது, ஜூன்ல பிள்ளைங்க ஃபீஸ் வேற. 5 பவுன் நகை இருக்கு. வீட்டுக் கடன் இன்னும் 4 வருஷம் பாக்கி. பெர்சனல் லோன் போட்டு ஒரேயடியா முடிச்சிடலாமா?

பதில் 1 (சைட் மேற்பார்வை, கரூர்)
பெயின்டிங்கை இப்போதைக்கு மறந்துடுங்க சகோதரி. ஈரம் இருக்கிற சுவரில் எந்த பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்குள்ள பொரிஞ்சிடும். அந்த 1.75 லட்சத்துக்குக் கடன் வாங்கவே வேண்டாம்.

பாத்ரூமை உடைக்கிறதுக்கு முன்னாடி கசிவு தரையிலா பைப்பிலான்னு தெரியணும். டிராப் (தரைத் தண்ணி வெளியே போற குழி) வாயில் ஈரத்துணியைத் திணிச்சு அடைச்சு, ஒரு அங்குலம் தண்ணி நிறுத்தி, மட்டத்தைச் சுவர் டைல்ஸில் பென்சிலால் கோடு போடுங்க. 24 மணி நேரத்தில் தெளிவா இறங்கினா தரைதான். இறங்கலைன்னா பைப் மேல சந்தேகம். பிளம்பரிடம் கை பம்பு வெச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பைப்தான்னு உறுதியானா ஒரு வரிசை டைல்ஸை மட்டும் எடுத்து லைனை மாத்தினா போதும், 1.4 லட்சத்தில் பெரும்பகுதி மிச்சம்.

மாடியில் பெரும்பாலும் மூணு இடம்தான் ஒழுகும்: தட்டோட்டு இடுக்கு, கைப்பிடிச்சுவர் தளத்தோட சேர்ற மூலை, மழைநீர் பைப் வாய். இடுக்கை 10 மி.மீ ஆழத்துக்குச் சுரண்டி, பாசியும் மண்ணும் போகக் கழுவி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்பணும். சுவர் மூலையில் கலவையைச் சரிவா வெச்சு இழைக்கணும். அதுக்கு மேலதான் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். பாசி மேலேயே அடிச்ச கோட்டிங் தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துடும், காசு தண்டம். வாட்டம் (தண்ணி வடியற சரிவு) 10 அடிக்கு ஒண்ணேகால் அங்குலம் இருக்கணும். குறைவா இருந்தா பழைய ஓட்டு மேலேயே புது ஓடு போடலாம்னு சொல்வாங்க. பாரம் ஏறும், ஒத்துக்காதீங்க.

ஹால் சீலிங்கைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்க. வெத்துச் சத்தம் வந்தா உள்ளே கம்பி துரு பிடிச்சிருக்கலாம். அப்படின்னா துரு உப்பித்தான் காரையைத் தள்ளுது, அதனால மேலே பூசி மறைச்சா திரும்ப விழும். கம்பியைச் சுத்தி முழுசா கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்ச்சு, துரு தடுப்புப் பூச்சு அடிச்சு, பிறகுதான் பாலிமர் கலவை. இந்த நிலைமையில் மாடியில் தண்ணி கட்டி டெஸ்ட் பண்ணவே கூடாது: 100 சதுர அடியில் 3 அங்குலத் தண்ணி 700 கிலோ எடை.

பதில் 2 (கடன் பிரிவில் வேலை)
கணக்கைப் பாருங்க. 4.25-க்குப் போனா 3.05 லட்சம் கடன். 14% வட்டியில் 7,000 தவணை ஐந்து வருஷம் தாண்டி ஓடும். மாடியும் பாத்ரூமும் மட்டும்னா 2.5 லட்சம். கைப்பணத்தில் 30,000-ஐ எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வெச்சா கடன் 1.6 லட்சம்தான்.

அந்த 1.6 லட்சத்துக்கு 30 மாசம், 12% குறையும் நிலுவை வட்டின்னா (மிச்சமிருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி) தவணை 6,200, மொத்த வட்டி சுமார் 26,000. அதே 12% ஃபிளாட்னா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி) தவணை 6,933, வட்டி 48,000. ரெண்டுமே உங்க 7,000-க்குள் அடங்குறதால வித்தியாசம் கண்ணில் படாது. தவணையை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. கடன் கொடுக்கிறவங்க தர்ற முக்கிய விவரத் தாளில் ஏ.பி.ஆர் (கட்டணமும் சேர்த்த வருஷ வட்டி விகிதம்) என்று ஒரு சதவீதம் இருக்கும், அதை வெச்சு ஒப்பிடுங்க. செயல்பாட்டுக் கட்டணமும் அதுக்குள்ளேயே வந்துடும்.

முதலில் வீட்டுக் கடன் இருக்கிற இடத்திலேயே டாப்-அப் (அதே வீட்டின் மேல கூடுதல் கடன்) கேளுங்க. வட்டி பெர்சனல் லோனை விடக் குறைவா இருக்கும், மாறும் வட்டின்னா முன்கூட்டி அடைக்க அபராதமும் கிடையாது. புதுசா அடமானப் பத்திரம் பதியணுமா, அதுக்கு என்ன செலவுன்னு கேட்டுக்குங்க. கிடைக்குதேன்னு 10 வருஷத்துக்கு நீட்ட வேண்டாம். நகைக் கடன் அடுத்தபடி. வருஷ முடிவில் மொத்தமா அடைக்கிற வகை எடுத்துடாதீங்க, ஜூன் ஃபீஸோட மோதினா நகை ஏலம் வரைக்கும் போகும். மாசத் தவணை வகை கேளுங்க. கல் எடையைக் கழிச்சுத்தான் மதிப்புப் போடுவாங்க.

கேட்டவர்
ரொம்ப நன்றி. டெஸ்ட்ல தரைதான்னு வந்தா, செலவு குறைய இருக்கிற டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிக்கலாமா?

பதில் 3 (டைல்ஸ் வேலை)
வேண்டாம் அக்கா. கசிவு கீழே அப்படியே இருக்கும். தரை உயர்ந்து கதவு இடிக்கும், தண்ணி வாசல்படி தாண்டும். மிச்சம் பிடிக்கணும்னா சுவர் டைல்ஸில் பிடிங்க. நாலு சுவரும் 7 அடி உயரம்னா கதவு (இரண்டரை அடி) கழிச்சு 150 சதுர அடி. குளிக்கிற மூலையில் 8 அடி நீளத்துக்கு மட்டும் 7 அடி உயரம், மத்ததுக்கு 4 அடி போட்டா 110 போதும். தரை 35. மொத்தத்தில் 10% கூட்டி, ஒரே ஷேடு நம்பரில் ஒரே தடவையா வாங்குங்க. பிறகு வாங்கினா நிறம் சேராது.

தரையில் வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட், முதலுக்குக் குறுக்கா ரெண்டாவது. சுவரில் ஓரடி ஏத்தணும், குளிக்கிற பக்கம் 6 அடி வரை. பைப் தளத்தைத் துளைக்கிற இடத்தைச் சுத்தி இடைவெளி இல்லாம கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) ஊத்தணும், அங்கதான் திரும்பக் கசியும். கோட்டிங் காய்ஞ்ச பிறகு, டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி, 48 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பாருங்க. மட்டம் இறங்கலைன்னு நீங்களே பார்த்த பிறகு கான்ட்ராக்டருக்கு அடுத்த தவணைப் பணத்தைக் கொடுங்க. இந்த நிபந்தனையை அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிடுங்க.