ட்ரெமோலோ கைக்கு ஒரு தமிழ்ப் பேர் வேண்டும்

அல்சூரிலிருந்து, ஞாயிறு காலை

நண்பர்களே, வணக்கம்.

சனிக்கிழமை மாலைகளில் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பேருக்குக் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திராவில் ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள்தான் அதிகம். தமிழ் நன்றாகப் படிப்பார்கள். வாசிக்கப் பழகியது ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்து. அவர்களுக்காக 40 பக்கத்தில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தேன். 30 பக்கம் ஓடியது. அப்புறம் ஒரே சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ட்ரெமோலோ. கிதாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிக்கு அந்தப் பேர்.

நேற்று ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, கிதார்ல இருக்கிற ட்ரெமோலோ கையை அமுக்கினா சுருதி இறங்குது. ஆம்ப்ல ட்ரெமோலோன்னு எழுதியிருக்கிற குமிழைத் திருகினா சத்தம்தான் கூடிக் குறையுது. ரெண்டுக்கும் எப்படி ஒரே பேரு?"

இருபது வருடமாக எனக்கு எரிச்சலூட்டும் சொல் இது. சுருதி ஏறி இறங்கினால் வைப்ராட்டோ, சத்தம் கூடிக் குறைந்தால் ட்ரெமோலோ. வேறுபாடு அவ்வளவுதான். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிதார் வந்தபோது, ஃபெண்டர் கம்பெனியை நடத்திய லியோ ஃபெண்டர் அதன் கைக்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்துவிட்டார். ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. சரி, அதோடு விட்டாரா? அதே கம்பெனி தன் ஆம்ப்கள் (கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்) பலவற்றில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்கு வைப்ராட்டோ என்று எழுதி வைத்தது. இரண்டு சட்டியின் மூடியையும் மாற்றிப் போட்ட மாதிரி. உலகம் முழுக்க இன்றைக்கும் அந்தக் கைக்கு அதே பெயர்தான் நிற்கிறது. அதையே வாமி பார் என்று சொல்கிறவர்கள் சண்டைக்குப் பயந்து ஒதுங்கியவர்கள்.

இது போதாதென்று ஸ்பானியக் கிதாரில் மூன்றாவது ட்ரெமோலோ ஒன்று உண்டு. கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை மீட்ட, மற்ற மூன்று விரல்களும் ஒரே கம்பியை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே இருக்கும். அங்கே சுருதியும் மாறாது, சத்தமும் அலையாது.

என் கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் தப்பாக வைத்த பேரை நாமும் தப்பாகவே மொழிபெயர்க்க வேண்டுமா?

— அல்சூர்


ஒயிட்ஃபீல்டிலிருந்து, ஞாயிறு மதியம்

அண்ணா, ட்ரெமோலோவின் மூலப்பொருள் நடுக்கம். எனவே 'நடுக்கக்கை' அல்லது 'அதிர்வுத்தண்டு'. மூலச்சொல்லோடு ஒட்டி நின்றால்தான் நாளைக்குத் தேடுகிறவனுக்குக் கிடைக்கும். தப்போ சரியோ, உலகம் அப்படித்தான் அழைக்கிறது.

கூடவே இதையும் பாருங்கள்: ஹேமர் ஆன் - சுத்தியலேற்றம். புல் ஆஃப் - இழுத்தகற்றல். ஆக்‌ஷன் - செயல்நிலை. ஓப்பன் ஸ்டிரிங் - திறந்த நரம்பு. ஆக்ஸ் - கோடரி. பட்டியல் தயார்.


மல்லேசுவரத்திலிருந்து, ஞாயிறு இரவு

தம்பி, சுத்தியலை யார் மேல் ஏற்றப் போகிறீர்கள்?

நான் கிதார் வாசித்ததில்லை, வீணைக்காரி. ஆனாலும் சொல்கிறேன். இந்த வேலைகளில் முக்கால்வாசியை நாங்களும் செய்கிறோம், அவற்றுக்குப் பேர் இருக்கிறது. கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவதற்கு நீங்கள் பெண்ட் என்கிறீர்கள். நாங்கள் இழுப்பு என்போம். 'இந்த இடத்தில் இழுத்து வாசி' என்றால் மாணவிக்குப் புரிந்துவிடும். வைப்ராட்டோவுக்கு அசைவு போதும். கமக வகைகளில் கம்பிதம் என்று ஒன்றும் உண்டு, ஆனால் வகுப்பில் நான் 'அசைத்துக் கொடு' என்றுதான் சொல்கிறேன். பிரிட்ஜ் என்பது குதிரை. கழுத்தின் குறுக்கே வரிசையாக நிற்கும் ஃபிரெட் என்பது மெட்டு. வீணையில் 24 மெட்டு, மெழுகில் பதித்தவை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் பெக் என்பது பிருடை. பிளக் பண்ணுவது மீட்டு. டோன் டோன் என்று உங்கள் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்களே, அதை நாங்கள் நாதம் என்போம். 'இந்தப் பலா மரத்துக்கு நல்ல நாதம்' என்றால் முடிந்தது.

ஸ்பானிய விரல் வேலைக்கு, சிலப்பதிகாரத்தில் கானல்வரி சொல்லும் எட்டு இசைக்கரணங்களைப் பாருங்கள். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. யாழில் விரல்கள் செய்த வேலைகள். அதில் உருட்டல் என்ற பேரைக் கடன் வாங்கலாம். அன்றைய உருட்டலே இன்றைய ட்ரெமோலோ என்று நான் சொல்ல வரவில்லை. பேர் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நடுக்கக்கை வேண்டவே வேண்டாம். என் மாமனாருக்கு அந்த வியாதி இருந்தது.


அல்சூரிலிருந்து, திங்கள்

அக்காவின் மடலைப் படித்ததும் பாதிப் பாரம் இறங்கியது. ஆனால் மெட்டில் எனக்கு ஒரு தயக்கம். நம் ஊரில் மெட்டு என்றால் பாட்டின் மெட்டு. 'மூன்றாவது மெட்டில் விரல் வை' என்று எழுதினால், மூன்றாவது பாட்டா என்று கேட்பானா மாட்டானா? படி என்று வைக்கலாமா என்று பார்த்தேன். கன்னடத்திலும் மெட்டிலு என்றால் மாடிப்படி. ஆனால் அரைப்படி, முழுப்படி என்று சுர இடைவெளிக்குப் படி ஏற்கெனவே போய்விட்டது. பாருங்களேன், ஓட்டை அடைக்கப் போனால் இன்னொன்று திறக்கிறது.

ஒயிட்ஃபீல்டு தம்பி கோபிக்கக் கூடாது. செயல்நிலை என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? ஆக்‌ஷன் என்பது கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே இருக்கும் உயரம், அவ்வளவுதான். பன்னிரண்டாம் மெட்டில் ஸ்கேலை வைத்து அளப்போம். எலெக்ட்ரிக் கிதாரில் தடித்த கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருந்தால் விரல் வலிக்காது. எனவே 'கம்பி உயரம்'. பிள்ளைகள் முதல் வகுப்பில் ஆக்‌ஷன் என்றால் சண்டைக்காட்சி என்று நினைத்தார்கள். ஓப்பன் ஸ்டிரிங்குக்கு வெறுங்கம்பி. விரல் வைக்காத கம்பி வெறுங்கம்பிதானே, அதில் திறக்கவும் மூடவும் என்ன இருக்கிறது? விரலால் கம்பியைத் தட்டிச் சுருதி ஏற்றும் ஹேமர் ஆனுக்குத் தட்டி ஏற்றுவது, கம்பியைக் கிள்ளிச் சுருதி இறக்கும் புல் ஆஃபுக்குக் கிள்ளி இறக்குவது. கோடரியை அப்படியே விறகுக் கடையில் கொடுத்துவிடலாம். கிதாரை ஆக்ஸ் என்பது பந்தா பேச்சு, கலைச்சொல் இல்லை.

இதில் யாரும் கவனிக்காத பெரிய தொல்லை மேல், கீழ் என்ற இரண்டு சொல்தான். கிதாரை மடியில் வைத்தால் நம் முகத்துக்குப் பக்கத்தில் மேலே இருப்பது தடித்த கம்பி. சுருதியில் அதுதான் கீழே. எண்ணிக்கையில் அதுதான் ஆறாவது. ஆங்கிலக் காணொளியில் லோ ஸ்டிரிங் என்கிறான், பையன் குனிந்து கீழே இருக்கும் மெல்லிய கம்பியை மீட்டுகிறான். கழுத்தில் மேலே போ என்றால் இன்னும் மோசம். சுருதி மேலே போக வேண்டும், கை உடல் பக்கம் இறங்க வேண்டும். தமிழில் எழுதினாலும் இந்தக் குழி அப்படியேதான் இருக்கும். ஆகவே என் கையேட்டில் மேல், கீழ் இரண்டையும் தடை செய்துவிட்டேன். தடித்த கம்பி, மெல்லிய கம்பி. தலைப்பக்கம், உடல்பக்கம். சுருதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தாழ்ந்ததற்கு மந்தரம், உயர்ந்ததற்குத் தாரம்.

ஆம்பில் சத்தம் கூடிக் குறைவதற்கு ஒலித்துடிப்பு என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

இனி அந்தக் கை. அமுக்கினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மெல்லிய செட் போட்டாலும் ஆறு கம்பியும் சேர்ந்து 35 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதற்கு எதிராகக் கிதாரின் முதுகில் ஒரு பள்ளம் தோண்டி ஸ்பிரிங் மாட்டியிருக்கிறது. இரண்டு இழுவையும் சமமாக இருக்கும்வரை பிரிட்ஜ் அசையாமல் நிற்கும். கையை அமுக்கினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், கம்பி தளரும், சுருதி இறங்கும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான். ஆகவே என் முன்மொழிவு: சுருதி நெம்புகோல்.


சிவாஜிநகரிலிருந்து, திங்கள் இரவு

தம்பி, நான் எழுதுவது குறைவு. பட்டறையில் 31 வருடம் கிதார் ரிப்பேர் பார்க்கிறேன். சுருதி நெம்புகோல் சரியான பேர்தான். ஆனால் என் பட்டறைப் பையன் ஒரு நாளும் அதைச் சொல்ல மாட்டான். ஏழெழுத்துக்கு மேல் போனால் எங்கள் தொழிலில் சொல் நிற்காது.

அக்கா பிரிட்ஜைக் குதிரை என்றார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிரிட்ஜ் சாயும், ஆடும். அப்படியானால் ஆடுகுதிரை. குதிரையை இழுத்துப் பிடிக்கிற கைப்பிடிக்குப் பேர் என்ன? கடிவாளம்.


ஒயிட்ஃபீல்டிலிருந்து, செவ்வாய்

அண்ணே, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உவமை. கலைச்சொல் பொருளை நேராகச் சொல்ல வேண்டாமா? கடிவாளம் என்று அகராதியில் போட்டால் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விடும்.


மல்லேசுவரத்திலிருந்து, செவ்வாய்

குதிரையும் உவமைதான் தம்பி. வீணை, வயலின் வாசிக்கிற யாரும் லாயம் தேடிப் போனதில்லை. மெட்டும் அப்படியே. மெட்டுப் போட்டார் என்றால் பாட்டு, மெட்டில் விரல் வை என்றால் வீணையின் தண்டி, அதாவது கழுத்து. வினை மாறும்போது பொருள் மாறிவிடுகிறது. முப்பது வருடத்தில் ஒரு குழந்தைகூட என்னிடம் குழம்பவில்லை.


அல்சூரிலிருந்து, சனி இரவு

மெட்டு நிற்கட்டும். அக்கா சொன்ன காரணத்துக்குப் பதில் என்னிடம் இல்லை.

கடிவாளத்துக்கு நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். என் நெம்புகோல் மேல் எனக்கு ஆசை. கடிவாளம் குதிரையை அடக்குவது, இந்தக் கையோ குதிரையை ஆட்டுவது என்று ஒரு பாரா வாதம் தயாராக வைத்திருந்தேன். இன்று வகுப்பில் இரண்டு பெயர்களையும் பலகையில் எழுதிப் போட்டேன், எதையும் சிபாரிசு செய்யவில்லை. ட்ரெமோலோ என்ற சொல்லை மட்டும் அழித்தேன்.

அரை மணி நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து அதே பையன்: "அண்ணா, கடிவாளம் மரை தேஞ்சு லொடலொடன்னு ஆடுது, கொஞ்சம் டைட் வைக்கணும்."

சிவாஜிநகர் அண்ணனுக்கு: அந்தக் கிதாரை வரும் வியாழன் பட்டறைக்கு அனுப்புகிறேன். மரைக்குள் போடும் சின்ன ஸ்பிரிங் இருந்தால் எடுத்து வையுங்கள்.

— அல்சூர்