பிளக்கை வெளியே எடுத்தால் பொறி நன்றாக வருகிறது, மேட்டில் மட்டும் ஏன் மிஸ் அடிக்கிறது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் சமதளத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. நின்ற இடத்தில் ஐடிலிங்கிலும் என்ஜின் சீராகவே இருக்கிறது. ஆனால் மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்துப் பிடித்து விடுவதுபோல் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. அந்த நேரத்தில் செக் என்ஜின் விளக்கும் மின்னி மின்னி எரிகிறது. இதில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒரே காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துத் தரும் சுழலும் உறுப்பு) கிடையாது. பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இரண்டு காயில்கள் கொண்ட ஒரே கட்டு, அதிலிருந்து பிளக்குகளுக்குச் செல்லும் நான்கு ஒயர்கள், அவ்வளவுதான்.

நான் காட்டிய மெக்கானிக் நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயரில் மாட்டி, என்ஜின் உடலில் தொடவைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் காட்டினார். நான்கிலும் நீலநிறப் பொறி தெளிவாகவே தெரிந்தது. ஆகவே இக்னிஷனில் (பொறி தரும் அமைப்பில்) பழுது இல்லை, பெட்ரோல் பம்பைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றுவதற்கு முன் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, வெளியே பொறி வந்துவிட்டால் இக்னிஷன் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யலாமா? இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல்லாயிரம் வோல்ட் எப்படிக் கிடைக்கிறது? காயிலின் இரண்டாம் சுற்றில் முதல் சுற்றைப்போல் 100 மடங்கு சுற்றுகள் இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1,200 வோல்ட்தானே வர வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

காயிலில் மின்னோட்டம் பாயும்போது பொறி உண்டாவதில்லை, அந்த ஓட்டத்தை அறுக்கும்போதுதான் உண்டாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். முதல் சுற்று என்பது இரும்பு உள்ளகத்தின்மீது தடித்த கம்பியால் சில நூறு முறை சுற்றப்பட்டது. அதன் வழியே பேட்டரியின் மின்னோட்டம் பாயும் சில மில்லி விநாடிகளில் இரும்பில் காந்தப்புலம் வளர்ந்து நிற்கிறது, அதாவது ஆற்றல் அங்கே சேமிக்கப்படுகிறது. பழைய காயில் ஒன்றின் தூண்டம் (காந்தப்புலமாக ஆற்றலைச் சேமிக்கும் திறனின் அளவு) 8 மில்லிஹென்றி, ஓட்டம் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், சேமிப்பு 64 மில்லிஜூல். பார்வைக்குச் சிறிய அளவுதான். ஆனால் ஓட்டத்தைச் சட்டென்று அறுத்தால் அந்தக் காந்தப்புலம் மிகக் குறுகிய நேரத்தில் சரிகிறது. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின் அடிப்படை. அந்தச் சரிவின்போது முதல் சுற்றிலேயே 300 முதல் 400 வோல்ட் வரை எழும்புகிறது. நீங்கள் 100-ஆல் பெருக்க வேண்டியது 12-ஐ அல்ல, இந்த 300-ஐயோ 400-ஐயோதான். 30,000, 40,000 வோல்ட் என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது.

பாயிண்ட் (திறந்து மூடும் இணைப்பு முனைகள்) வைத்த பழைய வண்டிகளில் இந்த அறுக்கும் வேலையைச் செய்தது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். சார்லஸ் கெட்டரிங் வகுத்துக் கொடுத்த அந்த முறை 1910-களில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கான கார்களை ஓட்டியது. உங்கள் வண்டியில் பாயிண்டுக்குப் பதிலாக ஒரு டிரான்சிஸ்டர் அதே வேலையைச் செய்கிறது. எப்போது அறுக்க வேண்டும் என்பதை, என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கிராங்க் சென்சார் தரும் தகவலை வைத்து கணினி முடிவு செய்கிறது. இடையில் எத்தனை மாற்றங்கள் வந்தாலும், ஓட்டத்தை வளரவிட்டு அறுப்பது என்ற அடிப்படை மாறவே இல்லை. கெட்டரிங்கின் சிந்தனை எவ்வளவு தெளிவானது என்று ஒவ்வொரு முறை காயிலைக் கையில் எடுக்கும்போதும் வியக்கிறேன்.

பாயிண்டோடு சேர்ந்து இருந்த கன்டன்சர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு), பாயிண்ட் தீய்ந்துவிடாமல் காப்பதற்காக வைக்கப்பட்டது.

மறுமொழி 2

மேலே எழுதியவர் அழகாக விளக்கியிருக்கிறார். கன்டன்சரைப் பற்றிய கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பாயிண்டைக் காப்பது அதன் பணியில் ஒரு பாதி மட்டுமே. பாயிண்ட் திறக்கும் கணத்தில் ஓட்டம் நிற்க மறுத்து, அந்த இடைவெளியைத் தாண்டி வில்போல் எரிந்து தொடர்ந்து பாய முயலும். அப்படிப் பாய்ந்தால் காந்தப்புலம் மெதுவாகத்தான் சரியும், மெதுவாகச் சரிந்தால் அழுத்தம் எழும்பாது. ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள அந்தச் சிறிய உருளை, முதல் சில கணங்களில் ஓட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, பாயிண்ட் போதுமான அளவு விலக நேரம் கொடுக்கிறது. கன்டன்சர் செத்துவிட்ட வண்டியில் பாயிண்ட் கருகுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, பிளக்கில் பொறி மஞ்சளாக, மெலிந்து போய்விடும். காக்கும் பொருளாக மட்டும் இருந்திருந்தால் பொறி மெலிந்திருக்க வேண்டிய காரணமே இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. காயிலால் 30,000 வோல்ட் தர முடியும் என்பதற்காக ஒவ்வொரு பொறிக்கும் அவ்வளவு அழுத்தம் எழும்புகிறது என்று பொருளல்ல. பிளக்கின் இடைவெளியில் உள்ள காற்று உடைந்து வழிவிடும் வரைதான் அழுத்தம் ஏறும். உடைந்துவிட்டால் அங்கேயே நின்று, மீதமுள்ள ஆற்றல் பொறியாக எரிந்து தீரும். எத்தனை வோல்ட்டில் உடையும் என்பதை இடைவெளியின் அகலமும் அங்குள்ள வாயுவின் அடர்த்தியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இதைப் பாஷன் விதி என்பார்கள். திறந்த வெளியில் 1 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 3,000 முதல் 5,000 வோல்ட் போதும். அதே இடைவெளி, பிஸ்டன் மேலேறி நெருக்கிய கலவைக்குள் இருந்தால் அதைப்போல் பல மடங்கு வேண்டும்.

ஐடிலிங்கில் திராட்டில் (காற்று புகும் வழியைத் திறந்து மூடும் தட்டு) ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் புகும் காற்று குறைவு, எனவே நெருக்கமும் குறைவு, பொறிக்கு வேண்டிய அழுத்தமும் குறைவு. மேட்டில் நீங்கள் ஆழமாக மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்றை வாங்கிக்கொள்கிறது. அப்போது 20,000 வோல்ட்டையும் தாண்டி வேண்டியிருக்கலாம். எங்கோ ஓரிடத்தில் மின்காப்பு பலவீனமாக இருந்தால், 20,000 வோல்ட் ஏறுவதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாக மின்சாரம் என்ஜின் உடலுக்குத் தப்பிவிடும். பிளக்கில் பொறி வராது, அந்தச் சிலிண்டர் அந்தச் சுற்றில் வேலை செய்யாது. நீங்கள் உணரும் வெட்டு அதுதான். உங்கள் மெக்கானிக் செய்து காட்டிய சோதனை, மின்சாரம் 5,000 வோல்ட் வரை தப்பவில்லை என்பதை மட்டுமே மெய்ப்பிக்கிறது. ஓம் மீட்டரை வைத்து ஒயரை அளந்தாலும் இதே குறைதான், ஏனென்றால் மீட்டர் தருவது சில வோல்ட் மட்டுமே. உண்மையில் சோதிக்க வேண்டுமானால் பெரிய இடைவெளி கொண்ட ஸ்பார்க் டெஸ்டரைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும்போது அருகிலேயே பொறி தட்டுவது தீப்பிடிக்க வழி செய்யும், தயவுசெய்து அந்த முறையை நீங்கள் முயல வேண்டாம்.

பம்பின்மீது ஐயப்படுவது தவறு என்று நான் சொல்லவில்லை. பெட்ரோல் போதாமல் போனாலும் மேட்டில்தான் முதலில் தெரியும். ஆனால் அப்போது நான்கு சிலிண்டர்களும் சேர்ந்தே சோரும், வண்டி வெட்டாமல் மெல்ல மெல்லத் தளரும். ஸ்கேனரை மாட்டி எந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (கலவை எரியாமல் தவறுவது) பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிழைக் குறியீடு பி0300 என்றால் பல சிலிண்டர்கள், பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும். விளக்கு மின்னும் நிலையில் வண்டியை நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையின் நச்சைக் குறைக்கும் உறுப்புக்குள்) போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

மறுமொழி 3

மேட்டில் நெருக்கம் கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது டைமிங், அதாவது பொறி எழும் நேரம். கலவை எரிந்து முடிய ஏறத்தாழ 2 மில்லி விநாடி ஆகிறது என்று கொள்வோம். 1,000 ஆர்.பி.எம்-இல் அந்த நேரத்திற்குள் கிராங்க் 12 டிகிரி சுழலும், 3,000 ஆர்.பி.எம்-இல் 36 டிகிரி சுழலும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 10 முதல் 15 டிகிரி இறங்கும் இடத்தில் அழுத்தம் உச்சத்தை எட்டினால்தான் தள்ளுவிசை வீணாகாது. ஆகையால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே தர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் காலத்தில் இதைச் சுழலும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் செய்தன, இன்று கணினியின் அட்டவணை செய்கிறது.

ஆனால் முழுச் சுமையில் நிறைந்த கலவை வேகமாக எரிவதாலும் நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டும் ஓசை எழுப்புவது) வரும் அபாயம் இருப்பதாலும் அந்த முன்நகர்வைக் கணினி குறைத்துவிடுகிறது. அதாவது பிஸ்டன் உச்சியை இன்னும் நெருங்கிய பிறகே பொறி வருகிறது. அந்த நேரத்தில் கலவை மேலும் நெருங்கியிருக்கும், தேவைப்படும் வோல்ட்டும் கூடியிருக்கும். மின்காப்பில் உள்ள எந்தப் பலவீனமும் குறைந்த வேகத்தில் முழு மிதியில்தான் அப்பட்டமாக வெளிப்படும் என்பதற்கு இதுவே காரணம்.

பிளக்கின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள். தேய்ந்து அகன்ற இடைவெளி கூடுதல் வோல்ட்டைக் கேட்கும். அந்தக் கூடுதல் வோல்ட் ஒயரையும் காயிலையும் நாளெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஸ்கேனரில் பி0303 மட்டும் பதிவாகியிருந்தது. முதலில் மூன்றாம் சிலிண்டரின் பிளக்கை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றினேன், மிஸ்ஃபயர் மூன்றிலேயே இருந்தது. அடுத்து அவ்விரண்டின் ஒயர்களை மாற்றி மாட்டினேன். இப்போது பதிவு பி0302 என்று மாறியது. அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, நண்பர் ஒருவர் என்ஜினைச் சற்றே உயர்த்திப் பிடிக்க, நான் எதையும் தொடாமல் தள்ளி நின்று ஒயர்களின்மீது தண்ணீரைப் பனிபோல் தெளித்தேன். பிளக்கின்மீது அமரும் ரப்பர் உறையின் விளிம்பிலிருந்து என்ஜின் தலைக்கு ஊசி நூல்போன்ற ஒரு நீலக்கோடு துடித்தது, டிக் டிக் என்று ஓசையும் கேட்டது. மறுநாள் அந்த உறையைப் பிளந்து பார்த்தபோது, உட்புறத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருகிய தடம் இருந்தது. பிளக்கின் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 ஆகியிருந்தது.

ஒயர்களையும் பிளக்குகளையும் புதிதாக மாற்றிவிட்டேன், அதே மேட்டில் அதே கியரில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. பம்பைத் தொடவே இல்லை.

ஒரே ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. பழைய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டில் நடு மின்முனை மழுங்கித் தேய்ந்திருக்கிறது. மற்ற இரண்டில் நடுமுனை ஓரளவு கூர்மையாகவே இருக்க, மேலே வளைந்த பக்கமுனைதான் குழிந்திருக்கிறது. ஒரே நாளில் மாட்டிய ஒரே வகைப் பிளக்குகள் ஏன் இப்படி இருவிதமாகத் தேய வேண்டும்?

மறுமொழி 2 எழுதியவர்

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், பலர் கவனிக்காமல் குப்பையில் போட்டுவிடும் சான்று அது. உங்கள் வண்டியில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்ந்து பொறி தருகிறது, 1-உம் 4-உம் ஓர் இணை, 2-உம் 3-உம் மற்றோர் இணை. இணையில் ஒன்று நெருக்கும் நிலையில் இருக்கும்போது மற்றது புகையை வெளியேற்றும் நிலையில் இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி எழும், வெளியேற்றும் சிலிண்டரில் எழுவது பயனற்றது, அதற்குச் செலவாகும் வோல்ட்டும் மிகக் குறைவு. காயிலின் இரண்டாம் சுற்றின் இரு முனைகளும் இரு பிளக்குகளில் முடிவதால், மின்னோட்டம் ஒரு பிளக்கில் நடுமுனையிலிருந்து பக்கமுனைக்குப் பாய்ந்தால், என்ஜின் உடல் வழியே சென்று மற்றதில் பக்கமுனையிலிருந்து நடுமுனைக்குத் திரும்பும். எதிர்மின் முனையாக நிற்பதைத்தான் அயனிகள் வந்து மோதி அதிகம் அரிக்கும். ஆகவே ஒன்றில் நடுமுனையும் அதன் இணையில் பக்கமுனையும் தேய்கின்றன.

நடுமுனை சூடானது, சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் வெளியேறும். எனவே நடுமுனை எதிர்மின்னாக இருக்கும் பிளக்குக்குக் குறைந்த வோல்ட் போதும், திசை மாறிய பிளக்குக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். மூன்றாம் சிலிண்டரின் பிளக்கில் பக்கமுனை குழிந்திருந்தால், அந்த ஒயர் முதலில் விட்டுக்கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அடுத்த முறை பிளக் வாங்கும்போது நடுமுனை, பக்கமுனை இரண்டிலும் பிளாட்டினம் பதித்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக்காகக் கழற்றினால் ஒவ்வொரு பிளக்கையும் அது இருந்த சிலிண்டரிலேயே திரும்ப மாட்டுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இப்போதுதான் போய்ப் பார்த்தேன் ஐயா. மூன்றாம் சிலிண்டரில் இருந்த பிளக்கில் குழிந்திருப்பது பக்கமுனைதான்.