புதுப்பிப்பு: புது டென்னிஸ் ராக்கெட்டால் வந்த முழங்கை வலி தீர்ந்தது

300 கிராம் கிராஃபைட் டென்னிஸ் ராக்கெட் வாங்கியதிலிருந்து முழங்கை வலிக்கிறதே, ராக்கெட்டையே மாற்றிவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மாற்றவில்லை. "குற்றம் ராக்கெட்டில் கட்டிய நரம்பில்தான்" என்று பதில் சொன்னவரே சரி. 55 பவுண்டு இழுவையில் (நரம்பை இழுத்துக் கட்டும் விசை) இருந்த விறைப்பான பாலியெஸ்டர் நரம்பை அறுத்துவிட்டு, பல மெல்லிய இழைகளாலான, மென்மையான மல்டிஃபிலமென்ட் நரம்பை 50 பவுண்டில் கட்டச் சொன்னேன். மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. பதில்களில் வந்த தடித்த கைப்பிடி உறை யோசனை மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நுங்கம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கே வியர்வையில் ஊறி வழுக்கியது.

எதிர்பாராதது: முதல் சில நாட்கள் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் பறந்தது. இழுவை குறைந்தால் பந்து தூரம் போகும் என்பதை மறந்திருந்தேன். டாப்ஸ்பின்னும் (பந்தின் முன்நோக்கிய சுழற்சி) சற்றுக் குறைந்தது. பந்தை அடிக்கையில் விலகும் இந்த நரம்பு, பாலியெஸ்டர்போல வழுக்கித் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு புள்ளி முடிந்து அடுத்தது தொடங்குமுன் நரம்புகளை விரலால் நேராக்கிக்கொண்டிருக்கிறேன்.