பதிவேட்டில் இருந்ததும் தரையில் கிடந்ததும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தொடங்கியவர்: குடிநீர்ப் பணிகளில் ஆலோசகர், மதுரை

உள்ளாட்சிகள் தங்கள் பொதுச் சொத்துகளைச் சரிவரப் பராமரிக்க உதவும் பணியில் ஈடுபட்டவர்கள் தத்தம் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். கேட்டவனே முதலில் எழுதுவதுதான் முறை.

மதுரைக்கு மேற்கே ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். அங்குள்ள குடிநீர்க் குழாய்கள், மேல்நிலைத் தொட்டிகள், மோட்டார்கள், வால்வுகள் அனைத்தையும் இடம், வயது, இன்றைய நிலை ஆகிய விவரங்களோடு பட்டியலிட்டுத் தருவதற்காக நாங்கள் மூவர் சென்றிருந்தோம். அலுவலகத்தில் கொடுத்த சொத்துப் பதிவேட்டில் வால்வுகள் 19 என்று இருந்தது. அழகான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ‘நிலை: நன்று’ என்ற சொல்லும் அதே அழகோடு, அதே மையில் இருந்ததைக் கண்டபோதுதான், இதை எழுதியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

எங்களோடு வந்த தொட்டி ஆபரேட்டர் ஓய்வு பெற எட்டு மாதங்கள் இருந்தன. ஒரு தெருமுனை வேப்பமரத்தடியில் நின்று, அங்கிருந்து கிழக்கே ஏழு தப்படி எடுத்து வைத்து, கையிலிருந்த கடப்பாரையால் தார்ச்சாலையை இங்கும் அங்கும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓரிடத்தில் ஒலி மாறியது. “இந்தா இருக்கு சார். ரோடு போட்டப்ப மூடிட்டாய்ங்க. நாலு வருசமா தொடல. தொட்டா ரோட்ட வெட்டணும், வெட்டுனா யார் பதில் சொல்றது?” என்றார். மூன்று நாள் முடிவில் அவர் காட்டியவை 31 வால்வுகள். அவற்றுள் இரண்டை முழுவதும் திருகக் கூடாது என்பதும், எதைச் சிறிது மூடினால் தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்பதும் நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் இருந்தன. அந்த ஊரின் உண்மையான சொத்துப் பதிவேடு அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

சொத்து மேலாண்மைக்கான 55000 என்ற வரிசையில் உலகத் தர அமைப்பு (ISO) 2014-இல் வெளியிட்ட தரநிலைகளை விளக்கி, பேரூராட்சியினரோடு நடந்த முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினேன். பஜ்ஜி வந்ததும் கூட்டம் கலைந்தது. குற்றம் என்னுடையதே. பட்டியல் கையில் கிடைத்த பிறகு நடந்த இரண்டாம் கூட்டத்தில் வேறு விதமாகப் பேசினோம். ஒவ்வொன்றையும் பற்றி இரண்டே கேள்விகள் கேட்டோம்: இது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இது கெட்டுப்போனால் எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும்? பார்வைக்கு மோசமாக இருந்தது ஒரு தொட்டியின் துருவேறிய ஏணி. கவுன்சிலர்கள் அதைத்தான் முதலில் மாற்றச் சொன்னார்கள். ஏணியும் ஆள் ஏறும் இடமாதலால் மறுக்க முடியாது. ஆனால் தார் மூடிக் கிடந்த அந்த வேப்பமரத்து வால்வு இறுகிப்போனால், குழாய் உடைகிற அன்று பாதி ஊருக்குத் தண்ணீரை நிறுத்தாமல் பழுது பார்க்கவே இயலாது என்பதை வரைபடத்தில் காட்டியதும் செயல் அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புது மோட்டாருக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் உண்டு. வால்வுக்குக் கிரீஸ் வைத்தால் யார் கல்வெட்டு வைப்பார்கள்? 1889-இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நாம் மறக்காமல் இருப்பதற்கு, அது வைகையின் மேல் கண்ணெதிரே நிற்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேலூர்ப் பக்கத்து விவசாயி, கண்மாய்ப் பாசனச் சங்க உறுப்பினர்

ஐயா எழுதியது வால்வு; எங்கள் பக்கத்தில் மடை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பகுதி எங்களுடையது. எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் திறந்துவிட மூன்று மடைகள், மிகுநீர் வழிய ஒரு கலிங்கு. நடுமடையின் திருகுக் கம்பி திருட்டுப் போனதால் இரண்டு பருவங்களாக மணல் மூட்டை போட்டே அடைத்தோம். மனுக் கொடுக்கப் போனபோதுதான் வேடிக்கை தொடங்கியது. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதே நெடுநாள் வழக்கம்; நீர்வளத் துறை 2021-இல் தனியானபோது பெரியவை அங்கே சென்றன. எங்கள் கண்மாயின் ஆயக்கட்டோ பழைய கணக்கில் எல்லைக்கு மேலே, வீட்டுமனைகள் வந்த பிறகு நடைமுறையில் எல்லைக்குக் கீழே. ஓர் அலுவலகம் ‘எங்கள் பட்டியலில் இல்லை’ என்றது. மற்றது ‘அவர்கள் பட்டியலில் இருக்கிறது’ என்றது.

ஒரு வழியாகக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் கரையில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். “தம்பி, மடையைக் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்வாயில் இறங்கிப் பாருங்கள்” என்று எங்கள் நீர்ப்பாய்ச்சி சொன்ன பிறகே, மூன்றாம் மடையின் உள்வாய் வண்டலில் புதைந்து கிடப்பதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த மடை அதுவரை பதிவேட்டில் ‘இயங்குநிலையில்’ இருந்தது. திருச்சிக்கு அருகில் முக்கொம்பில் 2018 ஆகஸ்டில் கொள்ளிட மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோது பழைய கட்டுமானங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எங்கள் நடுமடை அப்போதும் மூட்டையோடுதான் இருந்தது. இப்போது கம்பி வந்துவிட்டது. கலிங்கின் விரிசல் இன்னும் அப்படியே.

உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், திருமங்கலம்

பொறியாளர்கள் இடத்தைத் தேடுகிறார்கள், நாங்கள் தொகையைத் தேடினோம். பணம் கைமாறும் நாளில் அன்றி, வரவும் செலவும் ஏற்படும் நாளிலேயே எழுதும் நிலுவை அடிப்படைக் கணக்கு முறை நகராட்சிகளுக்கு வந்தபோது, ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்புப் போட்டு ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்க வேண்டியிருந்தது. விலை கொடுக்காமல் வந்து சேர்ந்த சொத்தை ஒரு ரூபாய் என்று பெயரளவில் குறிப்பது 2004-இல் வந்த தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடும் ஏற்ற வழி. கணக்குக்கு அது சரி. ஆனால் ஊருக்கு நடுவே இருந்த ஊருணி ஒன்று ஒரு ரூபாயாகவும், அதைச் சுற்றிப் போட்ட நடைபாதைக் கற்கள் பல லட்சமாகவும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு தேய்மானம் கழிப்பது? பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது? வரவு செலவுத் திட்டம் போடுகிறவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

என் மேலதிகாரி ஒருவர் இதற்கு ஒரு வழி செய்தார். ஒரு ரூபாயை அப்படியே விட்டுவிட்டு, ‘இன்று புதிதாகக் கட்டினால் என்ன ஆகும்’ என்று பக்கத்தில் பென்சிலால் ஒரு நிரல் சேர்க்கச் சொன்னார். தணிக்கைக்கு அது தேவையில்லை, மன்றக் கூட்டத்துக்குத் தேவை. அவர் மாற்றலாகிப் போனார்; பென்சில் நிரலும் நின்றது.

தொடங்கியவர்

திருமங்கலத்து அம்மா எழுதிய பென்சில் நிரலை அடுத்த வேலையில் நிச்சயம் எடுத்துக்கொள்வேன். மேலூர் அண்ணன் கேட்ட துறைக் குழப்பத்துக்கு என்னிடம் விடை இல்லை. நான் பார்த்த இடங்களிலெல்லாம் இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் விரித்து, இரு துறைப் பொறியாளர்களையும் எதிரெதிரே உட்கார வைத்தபோது மட்டுமே அது தீர்ந்தது.

என் கதையில் ஒரு பிழையைச் சொல்லாமல் விட்டேன். நாங்கள் பதிவேட்டில் சேர்த்தது கைப்பேசி காட்டிய இடக்குறியை மட்டுமே. இரண்டு ஆண்டு கழித்து அதே தெருவில் குழாய் உடைந்தபோது, புதிய ஆபரேட்டர் கைப்பேசியைப் பார்த்துத் தோண்டியிருக்கிறார், வால்வு இல்லை. இடக்குறி நான்கைந்து மீட்டர் விலகியிருந்தது. ஓய்வு பெற்றவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். “வேப்பமரத்துல இருந்து கிழக்க ஏழு தப்படி” என்றிருக்கிறார். மரத்தை வெட்டிச் சாலையை அகலப்படுத்தியது அவருக்குத் தெரியாது. பேரனின் வண்டியில் ஏறி அவரே நேரில் வந்து, எதிர்வீட்டுத் திண்ணையையும் மின்கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்து, மரம் நின்ற இடத்தை முதலில் கண்டுபிடித்து, அதன் பிறகு அடி எடுத்து வைத்திருக்கிறார். அதற்குப் பின் நாங்கள் போட்ட ஒவ்வொரு பதிவிலும், பக்கத்துக் கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து நாடாவால் அளந்த தூரத்தையும் எழுதுகிறோம்.