தூத்துக்குடி பதிவு நெக்ஸான் ஈவி, சார்ஜ் 24%இல் இருந்து திடீரென 11%. வாங்கலாமா, விடலாமா?

தக்கலை டீச்சர்:
பழைய மின்சார கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். டாடா நெக்ஸான் ஈவி, 30.2 கிலோவாட் மணி பேட்டரி உள்ள முதல் மாடல், 2021 மார்ச் பதிவு, டிஎன்-69 எண், மீட்டரில் 58,000 கி.மீ. மார்த்தாண்டம் பக்கம் ஒரு புரோக்கரிடம் நிற்கிறது. ஏழே முக்கால் லட்சம் சொல்கிறார், பேசினால் குறைப்பார் போலத்தான் இருக்கிறது.

என் ஓட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. தக்கலையில் இருந்து நாகர்கோவில் பள்ளிக்குப் போய்வர, அம்மாவை மாதாமாதம் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, எப்போதாவது திருநெல்வேலி.

ஒரு நாள் முழுக்க வண்டியைத் தந்தார். 100% சார்ஜில் திரையில் 205 கி.மீ. போகும் என்று காட்டியது. கன்னியாகுமரி, அப்புறம் கடற்கரை ரோட்டில் மணக்குடி, முட்டம், குளச்சல் என்று ஓட்டினோம். 126 கி.மீ. வரை ஒழுங்காகத்தான் இறங்கியது, சராசரி செலவு கி.மீ.க்கு 140 வாட் மணி என்று காட்டியது. 24%இல் இருக்கும்போது ஒரு சின்ன ஏற்றத்தில் மிதித்தேன், நேராக 11%க்கு விழுந்தது, இழுவையும் குறைந்துவிட்டது. டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது. புரோக்கர் "லித்தியம் வண்டி எல்லாம் இப்படித்தான் டீச்சர், ரெண்டு தடவை ஃபுல் சார்ஜ் போட்டா சரியாயிரும், சார்ஜர் மெஷின்தான் கோளாறு" என்கிறார். வண்டி பார்க்கப் புதிதுபோல் மினுமினுக்கிறது, அதனால்தான் மனசு விட மாட்டேன் என்கிறது.

முப்பந்தல் காற்று:
டீச்சர், என்னிடமும் இதே மாடல்தான். புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை செல். இந்த வகையில் 90%இல் இருந்தாலும் 30%இல் இருந்தாலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் வண்டிக்குள் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் மிச்ச சார்ஜை வெறும் வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் உள்ளே போன, வெளியே வந்த கரண்டைக் கூட்டிக் கழித்துத்தான் ஊகிக்கும். ரொம்ப நாள் ஸ்லோ சார்ஜில் 100% நிரப்பாமல் ஓட்டினால் அந்தக் கணக்கு விலகிப்போகும், இப்படித் தாவவும் செய்யும். அதற்கு மருந்து நிஜமாகவே ஸ்லோ சார்ஜ்தான்: வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் 100% வரை போட்டு, 100 வந்ததும் பிடுங்காமல் இன்னும் சில மணி நேரம் அப்படியே விட வேண்டும். செல்கள் ஒன்றுக்கொன்று சமப்படுவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

மிச்சப் பாதி என்னவென்றால், ஒரு செல் சோர்ந்துபோயிருந்தாலும் இதே தாவல் வரும். செல்கள் தொடராகக் கோத்திருப்பதால் மோசமான செல் எதுவோ அதுதான் மொத்தப் பேக்கின் எல்லை. நீங்கள் ஏற்றத்தில் மிதித்தபோது விழுந்தது என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. லோடு ஏறும்போது ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் சரிந்தால் அப்படித்தான் நடக்கும்.

நீங்கள் தந்த எண்ணையே போட்டுப் பார்ப்போம். 126 கி.மீ. × 140 = 17.6 கிலோவாட் மணி செலவு. திரைக் கணக்கில் அது 76%, அப்படியானால் முழுப் பேட்டரி 23.2. ஆனால் உண்மையில் 11% வரை இறங்கிவிட்டதே, அதை வைத்துப் பார்த்தால் 19.8தான் வருகிறது. புது வண்டியிலேயே 30.2 முழுவதும் ஓட்டக் கிடைக்காது, கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதை விட்டுக்கொடுத்தாலும் இது குறைவு. என் வண்டியில் இதே கணக்கு 26, 27 வருகிறது. திரையில் வரும் 205ஐ விட்டுவிடுங்கள், அது முந்தைய ஓட்டத்தை வைத்துப் போடும் ஊகம்.

செய்ய வேண்டியது ஒன்று: நான் சொன்னபடி நிரப்பி, மறுபடி 20%க்குக் கீழே வரும்வரை ஓட்டுங்கள். தாவல் போய்விட்டால் கணக்குக் கோளாறு. அதே இடத்தில் மறுபடி விழுந்தால் செல் கோளாறு. ஓபிடி டாங்கிள் (வண்டியின் உள்விவரங்களைப் போனில் காட்டும் சின்னக் கருவி) யாரிடமாவது இருந்தால் செருகி, அதிகபட்ச செல் வோல்டேஜும் குறைந்தபட்ச செல் வோல்டேஜும் என்ன இடைவெளியில் இருக்கின்றன என்று, முக்கியமாக மிதிக்கும்போது, பாருங்கள். ஆப்பில் வரும் ஆரோக்கிய சதவீதத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், எல்லா வண்டியிலும் அது சரியாக வராது.

திருநெல்வேலி போவதாகச் சொன்னதால் இன்னொன்று. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆரல்வாய்மொழி கணவாயில் திரும்பி வரும்போது எதிர்காற்றில் சார்ஜ் நன்றாகவே தின்னும். அந்த மாதத்தில் ஓட்டிப் பார்த்து பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

கோட்டாறு மக்கா:
டிஎன்-69ஆ? 2023 டிசம்பர் யாருக்கும் ஞாபகம் இல்லையா மக்கா? தூத்துக்குடி மாவட்ட வெள்ளம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதே. விட்டுட்டு ஓடிருங்க டீச்சர்.

வயரிங் ஆசான்:
மக்கா சொல்வதைச் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். தூத்துக்குடி வண்டி எல்லாம் நனைந்த வண்டி என்று அர்த்தம் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. அதே மாதம் சென்னையிலும் வெள்ளம், அங்கிருந்து இறங்கிய வண்டிகளுக்கும் இதே பேச்சுதான். பேட்டரிப் பெட்டிக்குத் தண்ணீர் புகாத ஐபி67 தரம் உண்டு என்று உடனே ஒருவர் வருவார். அந்தத் தரம் சொல்வது ஒரு மீட்டர் தண்ணீரில் முப்பது நிமிடம். இரண்டு நாள் வீட்டு முற்றத்தில் சேற்றுத் தண்ணீரில் நிற்பதற்கு அல்ல. பெட்டிக்குள் தண்ணீர் போகாவிட்டாலும் கனெக்டர், சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங், கண்ட்ரோல் யூனிட் எல்லாம் மாதக்கணக்கில் மெதுவாகப் பச்சை பிடிக்கும். கழுவிப் பாலிஷ் போட்டால் மினுமினுக்கத்தான் செய்யும்.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிப்பகுதியில் மண் கோடு இருக்கிறதா பாருங்கள், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு, தரை விரிப்பைத் தூக்கினால் வாடை, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ தலை. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயர் எல்லாம் ஹை வோல்டேஜ், நீங்களோ பக்கத்து வொர்க்ஷாப் பையனோ அதைத் தொடவே கூடாது, கண்ணால் பார்த்தால் போதும். பேட்டரிப் பெட்டியின் அடியில் நசுங்கல், கீறல், போல்ட்டில் துரு, கூலண்ட் குழாய் முனையில் வெள்ளைப் படிவு. நம்ம கடற்கரை ஊர் வண்டிகளிலும் உப்புக்காற்றால் துரு இருக்கும், அது பாடி முழுக்கப் பரவலாக இருக்கும். உள்ளே சீட்டுத் தண்டவாளத்திலும் இருந்தால் அது காற்று செய்த வேலை இல்லை.

டிசி நிற்பதற்கு வருகிறேன். மெஷின் கோளாறா இல்லையா என்று பார்க்க வேறு இடத்தில் வேறு கம்பெனி மெஷினில் போடுங்கள், நாகர்கோவிலிலேயே உண்டு. அங்கேயும் நின்றால் வண்டிதான். ஃபாஸ்ட் சார்ஜ் தொடங்கும்போது ஹை வோல்டேஜ் லைனுக்கும் பாடிக்கும் இடையில் கசிவு இருக்கிறதா என்று சோதனை நடக்கும், ஈரம் ஏறிய வண்டி அதில் தோற்கும். சோர்ந்த செல் இருந்தாலும் பிஎம்எஸ் நிறுத்தும். வீட்டில் ஸ்லோ சார்ஜ் ஏறாவிட்டால் மட்டும் முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள், பழைய வீடுகளில் பாதிக்கு எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது.

பறக்கை பாலிசி:
டீச்சர், வண்டியைத் தொடாமலே ஒரு விஷயம் பார்க்கலாம். இப்போதைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி என்சிபி, அதாவது கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாமல் வருடம் போகப்போக 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2021 மார்ச் வண்டி, ஒரே ஓனர், கிளெய்மே இல்லை என்றால் 2025 மார்ச்சில் புதுப்பித்த பாலிசியில் 45 இருக்க வேண்டும். கிளெய்ம் எடுத்தால் பூஜ்யத்தில் இருந்து மறுபடி தொடங்கும். பாலிசி காலாவதியாகி மூன்று மாதம் தாண்டினாலும் போய்விடும், ஓனர் மாறினாலும் போய்விடும், அதனால் ஆர்சியில் எத்தனையாவது ஓனர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேங்க் கடன் பதிவு நிற்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். நின்றால் அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35உம் பேங்க் என்ஓசியும் கையில் வராமல் பணம் முழுவதும் கொடுக்காதீர்கள்.

தக்கலை டீச்சர்:
பாலிசி காப்பி வாட்ஸ்அப்பில் வாங்கினேன். ஒரே ஓனர்தான். என்சிபி 20 என்று இருக்கிறது. கேட்டதற்கு "பம்பர்ல சின்ன கிளெய்ம்" என்கிறார்.

பறக்கை பாலிசி:
2025 மார்ச்சில் 20 என்றால் 2024 மார்ச்சில் பூஜ்யம். அதாவது 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் நடுவில் கிளெய்ம். பம்பராகவும் இருக்கலாம். அந்த நடுவில்தான் வெள்ளம் வந்த டிசம்பர் 17, 18உம் வருகிறது. ஓனரை வைத்தே இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விவரம் கேட்கச் சொல்லுங்கள், அவருக்குக் கொடுப்பார்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் மறுக்க மாட்டார்.

முப்பந்தல் காற்று:
இங்கேதான் பேட்டரி வாரண்டி இடிக்கும். இந்த மாடலுக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. காகிதப்படி 2029 மார்ச் வரை இருக்கிறது, அதைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். வெள்ளத்தால் வந்த சேதத்தை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். அதனால் வண்டி உங்கள் பெயருக்கு மாறும் முன்னாலேயே, இப்போதைய ஓனர் பெயரில், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி சோதனை போட்டு எழுத்தில் ரிப்போர்ட் வாங்கச் சொல்லுங்கள். செல் கோளாறு என்று வந்து அவர்களே வாரண்டியில் மாற்றித் தந்தால் அதைவிட நல்ல பழைய வண்டி கிடைக்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டால் ஏழு லட்சம் இல்லை, நாலு லட்சத்துக்கும் வேண்டாம்.

சர்வீஸ் ஹிஸ்டரியும் அங்கேயே கேளுங்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குப் பேட்டரி ரிப்போர்ட் எல்லாம் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று அலைக்கழித்தார்கள், மெயில் எழுதிய பிறகுதான் வந்தது. அதனால் வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள்.

கோட்டாறு மக்கா:
சார்ஜர் கேபிள் உண்டா? பழைய ஓனரின் போன் ஆப்பில் இருந்து வண்டியை எடுத்தாச்சா? இதையும் கேளுங்க. ஆப்பில் கணக்கு நின்றால் வண்டி எங்கே நிற்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கும்.

தக்கலை டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்லோ சார்ஜில் இரவு முழுக்க விட்டு மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை 22%இல் இருந்து 9%க்கு விழுந்தது. வேறு டிசி மெஷினிலும் நின்றது. சீட்டுத் தண்டவாளத்தில் துரு இருக்கிறது, ஓட்டுநர் பக்க பெல்ட் மட்டும் புதிது, மற்ற மூன்றும் பழசு. சர்வீஸ் சென்டர் சோதனைக்கு ஓனர் பெயரில் எழுதிக் கேட்கலாம் என்றதும் புரோக்கர் "அதெல்லாம் நேரம் ஆகும், வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

குழித்துறையில் ஒரு டியாகோ ஈவி இருக்கிறது, டிஎன்-75, 2023 வண்டி, ஓனரே விற்கிறார், என்சிபி 25 என்று முதலிலேயே காட்டினார். திருவனந்தபுரம் போய்வர ஆகுமா?

முப்பந்தல் காற்று:
டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு பேட்டரி உண்டு. ஓனர் வாயால் சொல்வதை விட ஆர்சியிலும் இன்வாய்ஸிலும் எந்த மாடல் என்று பாருங்கள். 24 என்றால் தக்கலையில் இருந்து போய்வர ஒரு சார்ஜில் ஆகும், நிதானமாக ஓட்டினால் மிச்சமும் இருக்கும். 19.2 என்றால் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒட்டித்தான் வரும், அம்மாவை வைத்துக்கொண்டு ஏசியும் போட்டு அந்த இழுபறி வேண்டாம். வாங்கினால் கரண்ட் பில்லையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் சேர்த்து விலை கூடிவிடும்.

வயரிங் ஆசான்:
குழித்துறை என்றால் நான் சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். அங்கே ஓடும் தாமிரபரணி (குழித்துறை ஆறு) கரையை ஒட்டிய வீடா என்று மட்டும் முதலில் கேட்டு வையுங்கள் டீச்சர்.