மறு: மறு: ‘காற்றுக் குளிரூட்டி’ – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு பாடநூலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். குளிரூட்டும் எந்திரத்துக்குள் சுற்றிவந்து சூட்டை வாங்கிச் செல்லும் பொருளுக்கு (refrigerant) ஒரு சொல் வேண்டும், அந்தப் பொருள் காற்றாகவே இருக்கும்போதும் பொருந்த வேண்டும். காற்றை அழுத்தி, அதில் ஏறிய சூட்டை வெளியே தள்ளிவிட்டு, டர்பைனில் விரியவிட்டால் நீரின் உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும். விமானத்தின் உள்ளே குளிர்வது இப்படித்தான். அம்மோனியா ஆர்-717, நீர் ஆர்-718, காற்று ஆர்-729 என்று இந்தப் பொருள்களெல்லாம் ஒரே அட்டவணையில் வருகிறது (700-உடன் மூலக்கூற்று எடையைக் கூட்டிய எண்). ‘காற்றுக் குளிரூட்டி’ என்று எழுதிவிட்டுப் படித்தால் ஏசி மாதிரி இருக்கிறது.

---

மாதிரி என்ன, ஏசியேதான். காற்றைக் குளிரூட்டுவது என்று விரித்தால் வேற்றுமைத்தொகை, காற்றாகிய குளிரூட்டி என்றால் இருபெயரொட்டு. ஒற்றை வைத்துப் பிரித்துக் காட்டவும் வழியில்லை. காற்று வன்தொடர்க் குற்றியலுகரம், எப்படியும் ‘க்’ மிகும். குளிர்பதனி என்று போடுங்கள் தம்பி.

---

பதனி என்றால் பதப்படுத்துவது. விமானத்தில் யாரைப் பதப்படுத்துகிறோம்? ‘நளிர்வளி’ என்பேன். வளி காற்று, நளிர் குளிர்ச்சி, நளி செறிவுமாகும் என்கிறது தொல்காப்பிய உரியியல். செறித்துக் குளிர்விப்பதுதானே இங்கே நடப்பது! புறநானூறு 66-இல் ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட’ என்று நளியும் வளியும் தொழிலும் சேர்ந்தே வருகின்றன, கவனியுங்கள்.

---

அந்த நாவாயில் பாய்தான் இருந்தது ஐயா, கம்ப்ரசர் இல்லை. கப்பல் என்றதும் நினைவுக்கு வருகிறது: 1880 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் வந்து சேர்ந்த ஸ்ட்ராத்லெவன் கப்பலில் இறைச்சி கெடாமல் வந்தது இதே போலக் காற்றை அழுத்தி விரித்துக் குளிர்விக்கும் பெல்-கோல்மன் எந்திரத்தால். பதனம் அங்கே அப்படியே பொருந்துகிறதே. நளிர்வளி என்றால் மாணவர் குளிர்ந்த காற்று என்றுதான் எடுத்துக்கொள்வார். நான்கு மடங்கு அழுத்தி முடித்த இடத்தில் கையை வைத்தால் வெந்துவிடும், நூறு டிகிரிக்கும் மேலே. அப்புறம் அம்மோனியாவை எப்படி வளி வரிசையில் உட்கார வைப்பது?

---

குளிர்காற்றுக்கு வாடை என்று பழைய பெயர் இருக்க எதற்கு இவ்வளவு?

---

வாடை என்றால் இன்று மூக்கைப் பொத்துவார்கள். அதுவும் அட்டவணையில் அம்மோனியாவுக்குப் பக்கத்தில்!

---

சரி, நேரமில்லை. அட்டவணைத் தலைப்பு ‘இயற்கைக் குளிர்பதனிகள்’, இயலின் பெயர் ‘குளிர்பதனியாகக் காற்று’. மூன்று பேர் ஒப்பியதாக எடுத்துக்கொள்கிறேன். நன்றி.

---

‘குளிர்பதனியாகக் காற்று’ கலைச்சொல் அல்ல, பாதி வாக்கியம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்திரத்தில் அழுத்திய காற்று எப்படி ‘இயற்கை’ ஆகும் என்பதை நாம் இன்னும் தொடவே இல்லை. தனி மடல் எழுதுகிறேன்.